வலியை முதலில் சொல், போட்டியை அப்புறம் பார்க்கலாம்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு 21 வயது. ஆறு வயதிலிருந்து பியானோ வாசிக்கிறாய், இசைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. போன மாதம் ஒரு சர்வதேசப் போட்டியில் இரண்டாவது சுற்றோடு வெளியே வந்துவிட்டாய். பாக்கின் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் இசை வடிவம்) ஒன்றின் நடுவில் ஞாபகம் அறுந்து, எங்கேயோ தாவி, எப்படியோ முடித்தாய். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை, தினமும் ஏழு மணி நேரம் வாசிக்கிறாய். அப்பா மாதத்துக்கு ஒரு தடவை "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார். "அக்கா, மேடைக் கலைஞராகும் தகுதி எனக்கு இருக்கிறதா? 21 வயதாகியும் எதையும் ஜெயிக்காதவளுக்கு வழி உண்டா? இல்லை, இப்போதே விட்டுவிடுவது நல்லதா?" இதுதான் உன் கேள்வி.

ஆனால் கடிதம் முடிவதற்குச் சற்று முன்னால், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு மாதமாகக் காலையில் மரத்துப்போகின்றன, ஆசிரியரிடம் சொல்லவில்லை என்று. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நீ கேட்ட மூன்று கேள்விகளையும் ஒரு மாதம் கழித்துக்கூடப் பேசலாம். இதை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

என்ன கோளாறு என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு வித்தியாசம் மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நிறைய வாசித்த நாளில் முன்கை கனக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும், அது களைப்பு. தூங்கி எழுந்த பிறகும் விரல் மரத்துக் கிடக்கிறது என்றால் அதைக் களைப்பு என்று நீயே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் போ. இசைக் கலைஞர்களின் கையைப் பார்த்துப் பழகியவர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கைக்கென்று இருக்கும் சிறப்பு மருத்துவர். எந்தெந்தப் பாடங்களை வாசிக்கிறாய், நாளைக்கு எத்தனை மணி நேரம், எப்போது மரக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. ஓய்வு என்று அவர் சொன்னால் ஓய்வுதான். "மெதுவாக மட்டும் வாசித்துக்கொள்கிறேனே" என்று பேரம் பேசாதே.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு 26 வயதில் இடது முன்கையில் வலி வந்தது. பிராம்ஸின் இரண்டாவது கான்செர்ட்டோவை, அதாவது இசைக்குழுவோடு தனிக் கலைஞர் வாசிக்கும் பெரிய படைப்பை, முதல் தடவையாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிடம் வாசிக்க வேண்டிய, கை நிறைய சுரங்களை அள்ளி அள்ளிப் போட வேண்டிய இசை. வலி என்று வெளியே சொன்னால் அந்தத் தேதி வேறு யாருக்காவது போய்விடும் என்று பயந்து வாயே திறக்கவில்லை. கச்சேரியை வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். அதற்கு ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் காலையில் கதவுக் கைப்பிடியைத் திருக முடியவில்லை. எட்டு மாதம் பியானோ மூடியே கிடந்தது, பதினோரு கச்சேரிகள் கை நழுவின. ஒரே ஒரு தேதியைக் காப்பாற்றப் போய் பதினோரு தேதிகளை விட்டேன். என் அன்றைய ஆசிரியர் "வலியோடு வாசிக்கப் பழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரைக் குறைசொல்லி இனி ஆகப்போவது ஒன்றும் இல்லை, ஆனால் அந்த அறிவுரை தவறு. உன் ஆசிரியரும் அதையே சொன்னால் அதையும் தவறு என்றே எடுத்துக்கொள்.

நம் தொழிலின் வரலாறு முழுக்க இந்தக் கதை இருக்கிறது. ராபர்ட் ஷூமன் பியானோ கலைஞராகத்தான் வர நினைத்தார். 1830களின் தொடக்கத்தில் வலது கை கெட்டுப்போய் மேடைக் கனவு முடிந்தது. லியோன் ஃப்ளைஷர் 1952இல் பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், உச்சத்தில் இருந்தார். 1964இல், 36 வயதில், அவருடைய வலது கையின் நான்காவது, ஐந்தாவது விரல்கள் தாமாகவே உள்ளே சுருண்டுகொள்ளத் தொடங்கின. ஃபோகல் டிஸ்டோனியா என்கிற நரம்புக் கோளாறு. கிட்டத்தட்ட முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், கற்பித்தார். பிறகு சிகிச்சையால் இரண்டு கையாலும் வாசிக்கும் நிலைக்குத் திரும்பி வந்தார். உனக்கும் அதே கோளாறு என்று நான் சொல்லவே இல்லை, பயந்துவிடாதே. முதல் அறிகுறியை அலட்சியம் செய்யாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த ஏழு மணி நேரம். ஷோப்பன் தன்னிடம் படித்தவர்களை நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று தடுத்ததாக அவருடைய மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் கச்சேரிக்கு முந்தைய வாரங்களில் நான்கு மணி நேரம் வாசிப்பேன், அதையும் ஐம்பது நிமிடத் துண்டுகளாக. அதற்கு மேல் உட்கார்ந்தால் காது வேலை செய்வதை நிறுத்திவிட்டு விரல் மட்டும் ஓடுகிறது, அந்த நேரத்தில் படிவதெல்லாம் தப்பும் தவறுமாகவே படிகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பார். பியானோவின் ஒரு கட்டை கீழே இறங்கும் ஆழம் சுமார் 1 சென்டிமீட்டர். அதை அசைக்கத் தேவைப்படும் எடை சுமார் 50 கிராம். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் உன் விரலை விட்டு விடுபட்டுத் தந்தியை நோக்கிப் போய்விடுகிறது, அதற்குப் பிறகு நீ எத்தனை பலமாக அழுத்தினாலும் ஒலியில் எந்த மாற்றமும் கிடையாது. பெரும்பாலோர் கையைக் கெடுத்துக்கொள்வது அந்தக் கடைசி அழுத்தத்தில்தான். ஒலி ஏற்கெனவே பிறந்துவிட்டது, கை மட்டும் இன்னும் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் மறுபடி வாசிக்கலாம் என்று சொன்னதும், முதல் வாரம் முழுக்க இதை மட்டும் கவனி: ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் கை விடுபடுகிறதா, இல்லை பிடித்துக்கொண்டே இருக்கிறதா?

சரி, இப்போது அந்த ஃபியூக்.

நீ வாசித்தது பாக்கின் 'வெல் டெம்பர்டு க்ளேவியர்' தொகுப்பின் முதல் புத்தகத்து ஸி ஷார்ப் மைனர் என்று எழுதியிருந்தாய். ஐந்து குரல் (ஒரே நேரத்தில் ஓடும் ஐந்து தனி இசை வரிகள்), 115 பார் (தாளக் கட்டம்), மூன்று கருப்பொருள்கள். அதை மனப்பாடமாக வாசிக்கத் துணிந்ததற்கே உன்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றுகிறது. அடிக்குரலில் நாலைந்து சுரத்தில் மெதுவாகக் கிளம்பும் அந்தக் கருப்பொருள் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்தது போலவே இருக்கும், ஆனால் வேறு பக்கம் திரும்பிவிடும். விரலின் ஞாபகத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள் சரியாக அந்தத் திருப்பத்தில்தான் தப்பான கிளையில் இறங்குவார்கள். நீயும் அங்கேதான் இறங்கியிருக்கிறாய். இது திறமைக் குறைவு இல்லை. மனப்பாடம் செய்த முறையில் உள்ள குறை, அதைச் சரிசெய்யலாம்.

எனக்கும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரு ஃபியூக்கில்தான். அந்தக் கணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முதலில் வருவது பயம் இல்லை. திடீரென்று உன் கைகளை நீயே வெளியிலிருந்து பார்ப்பாய், இந்த விரல் அடுத்து எங்கே போகும் என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வி எழுந்ததுமே விரலுக்குத் தெரிந்திருந்ததும் போய்விடும். நான் இரண்டு தடவை ஒரே இடத்தைச் சுற்றினேன், மூன்றாவது தடவை பெடலை அழுத்தி ஒரு பெரிய சுரக்கூட்டில் நின்று, கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். மேடையைவிட்டு இறங்கியபோது பின்முதுகு முழுக்க நனைந்திருந்தது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே.

அதற்குப் பிறகு நான் செய்கிற முறை இது. எந்தப் படைப்பாக இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிலையங்களாகப் பிரித்துவிடுவேன், ரயில் நிலையம் மாதிரி. எந்த நிலையத்தின் எண்ணை யார் சொன்னாலும், கை சூடாகாத நேரத்திலும், அங்கிருந்து நேராக ஆரம்பிக்க முடிய வேண்டும். கடைசி நிலையத்திலிருந்து பின்னோக்கியும் வருவேன். ஃபியூக் என்றால் ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டு மற்றக் குரல்களை வாசிப்பேன். ஐந்து குரலுக்கும் இதைச் செய்ய வாரக்கணக்கில் ஆகும், எரிச்சலாக இருக்கும், ஆனால் இதைச் செய்து முடித்த படைப்பு இதுவரை மேடையில் என்னைக் கைவிட்டதில்லை. அப்புறம் பியானோவே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாரிலிருந்து கடைசிப் பார் வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வால்டர் கீஸெகிங் ரயில் பயணத்தில் இசைத்தாளைப் படித்தே புதிய படைப்புகளை மனப்பாடம் செய்தவர். நமக்கு அந்த அளவு வராமல் போகலாம், ஆனால் மனதுக்குள் எங்கே மங்குகிறதோ, மேடையிலும் அங்கேதான் அறும். கை ஓய்வில் இருக்கப்போகிற இந்த நாட்களில் உனக்கு ஏற்ற வேலை இதுதான், ஒரு கட்டையைக்கூடத் தொட வேண்டியதில்லை.

போர்ச்சுகல் பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஷ் 1990களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபவ் அரங்கில் ஒரு மதிய நிகழ்ச்சிக்கு வந்தார். இசைக்குழு ஆரம்பித்தபோதுதான் தான் தயார்செய்து வந்தது வேறொரு மொஸார்ட் கான்செர்ட்டோ என்று அவருக்குப் புரிந்தது. ஒலித்துக்கொண்டிருந்ததோ டி மைனர். அந்த நீண்ட முன்னிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் கலவரம். நடத்துநர் ரிக்கார்டோ ஷையி தொடர்ந்து நடத்திக்கொண்டே, உங்களால் முடியும் என்று தைரியம் சொன்னார். பிரெஷின் முறை வந்ததும் அவர் மனப்பாடமாகவே முழுவதையும் வாசித்து முடித்தார். அந்தப் படைப்பு அவருக்குள் எத்தனை ஆழத்தில், எத்தனை வழிகளில் பதிந்திருந்தால் அது நடந்திருக்கும் என்று நினைத்துப் பார். இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனப்பாடமாக வாசிக்கும் வழக்கமே க்ளாரா ஷூமன், லிஸ்ட் காலத்தில், 1830களில்தான் பரவியது. ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் தன் கடைசிக் காலத்தில் அரங்கத்தை இருட்டாக்கி, இசைத்தாளின் மேல் ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். போட்டிகள் மனப்பாடத்தைக் கேட்கின்றன, அதனால் நீ செய்தாக வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் மறந்துபோனதால் நீ இசைக்கலைஞர் இல்லை என்று ஆகிவிடாது.

போட்டிக்கு வருவோம். 1975இல் லீட்ஸ் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் மிட்சுகோ உச்சிடா. மூன்றாம் இடத்தில் ஆண்ட்ராஷ் ஷிஃப். 1980இல் வார்சாவின் ஷோப்பன் போட்டியில் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. அதை எதிர்த்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார், அவரே 1965இல் அதே போட்டியை ஜெயித்தவர். ஆல்ஃபிரட் பிரெண்டல் 1949இல் புஸோனி போட்டியில் வாங்கியது நான்காம் பரிசு. இந்தப் பெயர்களைச் சொல்லி, தோற்றவர்கள்தான் பெரிய ஆளாவார்கள் என்று உன்னைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை, அது பொய். தோற்ற ஆயிரக்கணக்கானோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. நடுவர்கள் அந்த நாற்பது நிமிடத்தில் கேட்டதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். நீ முப்பது வருடம் எப்படி வாசிப்பாய் என்று அவர்களுக்குத் தெரியாது, அதை அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஜெயித்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. வான் க்ளைபர்ன் 1958இல், 23 வயதில், மாஸ்கோவில் சைகோவ்ஸ்கி போட்டியை ஜெயித்துத் திரும்பியபோது நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். அதன் பிறகு போகும் இடமெல்லாம் அதே சைகோவ்ஸ்கி கான்செர்ட்டோவைத்தான் கேட்டார்கள். 1978இல் மேடையிலிருந்து விலகிவிட்டார், பல வருடம் வாசிக்கவில்லை. பரிசு உனக்குக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மூன்று வருடத்துக்குக் கச்சேரித் தேதிகள். அந்தத் தேதிகளைத் தாங்கும் அளவுக்கு உன்னிடம் படைப்புகள் தயாராக இருக்கின்றனவா என்பது தேதி வந்த பிறகுதான் தெரியும். இருபது வயதில் மூன்று கான்செர்ட்டோவும் ஒன்றரைத் தனிக்கச்சேரிக்கான சரக்கும் மட்டும் வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டு, இரண்டாம் வருடமே திணறியவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

போட்டி இல்லாத வழிகளும் உண்டு. 1963இல் க்ளென் கூல்டுக்கு உடல்நலமில்லாமல் போனபோது நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் அவருக்குப் பதிலாக லிஸ்ட் கான்செர்ட்டோவை வாசித்தவர் 16 வயது ஆண்ட்ரே வாட்ஸ். 1999இல் அதே வாட்ஸுக்கு முடியாமல் போய், ரவீனியா விழாவில் சிகாகோ இசைக்குழுவோடு 17 வயது லாங் லாங் உட்கார்ந்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் தொலைபேசி வந்த அன்று அந்த கான்செர்ட்டோ கையில் தயாராக இருந்ததே, அது அதிர்ஷ்டம் இல்லை. என் முதல் பெரிய வாய்ப்பும் இப்படி மூன்று நாள் அவகாசத்தில் வந்ததுதான். அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வது, ஐந்து கான்செர்ட்டோக்களை எப்போதும் ஒரு வாரத்தில் மேடையேற்றக்கூடிய நிலையில் வைத்திரு. யாரும் அதிகம் வாசிக்காத ஒன்று அதில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். தகுதி இருக்கிறதா என்று கேட்டாய். இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. உன் கடிதத்தில் மேடை, கைதட்டல், நடுவர், பரிசு எல்லாம் வருகிறது. தனியாக ஒரு அறையில் நான்கு பாரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு சாதாரணக் கச்சேரி நாளைச் சொல்கிறேன். மதியம் ஊர் வந்து சேருவேன், அரங்கத்தில் பியானோவோடு எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். வயலின்காரர் தன் வயலினைத் தோளில் சுமந்து வருகிறார், நாம் ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாத ஒரு கருவியிடம் போய் உட்கார வேண்டும். (மிகெலாஞ்சலி, ஸிமர்மன் மாதிரி ஒரு சிலர்தான் சொந்தப் பியானோவைக் கொண்டுபோனார்கள். பெரிய கச்சேரிப் பியானோவின் எடை 480 கிலோவுக்குப் பக்கம், நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது.) போனதும் படைப்பை வாசிக்க மாட்டேன். முதலில் இருக்கையின் உயரம். பிறகு ஒவ்வொரு கட்டையாக, எவ்வளவு மெல்லிய ஒலி வரைக்கும் இது பேசும் என்று பார்ப்பேன். ஒரு தடவை ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, பி ஃப்ளாட். அவர் 1828இல், இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதி முடித்தது. அமைதியாக ஒரு பாட்டு ஆரம்பிக்கும், எட்டாவது பாரில் அடித்தளத்தில் ஒரு ஜி ஃப்ளாட் ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டும் வேகமாக மாறி மாறி அதிர்வது), தூரத்து இடி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு மெல்லியதாக. மொத்தப் படைப்பின் உயிரே அதில் இருக்கிறது. அந்தப் பியானோவில் அந்த ஒரு கட்டை மட்டும் மெதுவாகத் தொட்டால் ஊமை, கொஞ்சம் அழுத்தினால் உறுமல். ஸ்ருதி சேர்ப்பவரைக் கூப்பிட்டேன். வயதானவர், அதிகம் பேசாதவர். கட்டைகளோடு சேர்த்து உள்ளே இருக்கும் இயக்கப் பகுதி முழுவதையும் மேசை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சுத்தியலின் கம்பளித் தலையில் மெல்லிய ஊசியால் மூன்று இடத்தில் குத்தினார், உள்ளே தள்ளினார், என்னைப் பார்த்தார். வாசித்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி இழுத்தார். இருபது நிமிடம் அந்த ஒரே சுரத்துக்காக, மொத்தமே தொண்ணூறு நிமிடம் இருக்கும்போது. கடைசியில் அது மூச்சு விடுவது மாதிரி ஒலித்தது, அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அன்று மாலை அரங்கம் நிரம்பியதும் ஒலி வேறு மாதிரி ஆகிவிட்டது, ஆட்கள் உட்கார்ந்தால் எதிரொலி வற்றிவிடும், பெடலை மறுபடி புதிதாகக் கணக்குப்போட வேண்டியிருந்தது. ஆனால் அந்த ட்ரில் அப்படியே நின்றது. அந்தக் கச்சேரியில் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது கைதட்டல் இல்லை, அந்த இருபது நிமிடம்தான்.

கச்சேரி முடிந்து விடுதி அறை. காது இன்னும் வாசித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது, பேச ஆள் இருக்காது. காலையில் ஆறு மணிக்கு ரயில். அடுத்த ஊர், அடுத்த பியானோ. ஆர்கெரிச் போன்ற மேதையே மேடையில் தனியாக இருப்பது தாங்கவில்லை என்று 1980களிலிருந்து தனிக்கச்சேரிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார், மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதைத் தேர்ந்தெடுத்தார். உனக்குக் கூட்டு வாசிப்பு பிடிக்கும் என்று கடிதத்தின் நடுவில் எங்கேயோ சொல்லியிருந்தாய், அதை ஏதோ குறைந்த விஷயம் மாதிரி சொன்னாய். குறைந்ததில்லை. மெனாஹெம் பிரெஸ்லர் 1955இலிருந்து 2008 வரை ஒரே மூவர் குழுவில் வாசித்தார், போ ஆர்ட்ஸ் ட்ரியோ (Beaux Arts Trio). பெர்லின் ஃபில்ஹார்மானிக்கோடு முதல் தடவையாக வாசித்தபோது அவருக்கு வயது 90. இது வயதைப் பற்றிய உன் கேள்விக்கும் பதில். ரிக்டர் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ஹைன்ரிக் நெய்ஹவுஸிடம் சேர்ந்தபோது அவருக்கு 22. ரூபின்ஸ்டைன் தன் நாற்பதுகளின் நடு வயதில், ஏற்கெனவே பெயர் பெற்ற பிறகு, தன் வாசிப்பில் திருப்தி இல்லாமல் மறுபடி சாதகத்துக்கு உட்கார்ந்தார், மேடையில் 89 வயது வரை இருந்தார். போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, பெரும்பாலும் முப்பதை ஒட்டி. உனக்கு அதற்கே இன்னும் எட்டொன்பது வருடம் இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயம், கோபப்படாதே. அவரிடம் உண்மையான கணக்கைச் சொல். கச்சேரிக்குக் கச்சேரிதான் சம்பளம். அதில் ஏஜென்ட்டின் பங்கு போகும், பல சமயம் பயணச் செலவும் நம்முடையது, வரி தனி. காய்ச்சலில் படுத்து ரத்து செய்தால் அந்த வருமானம் பெரும்பாலும் போனதுதான். தேதிகள் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு முன்பே குறிக்கப்படும், அதனால் இன்று நன்றாக வாசித்ததன் பலன் இரண்டு வருடம் கழித்துதான் கைக்கு வரும். எனக்குத் தெரிந்த மேடைக் கலைஞர்களில் கற்பிக்காதவர்கள் மிகக் குறைவு. என் வருமானத்தில் பாதிக்கு மேல் கற்பிப்பதிலிருந்துதான் வருகிறது, பாடகர்களுக்குத் துணை வாசித்ததும் பல வருடம் வீட்டை நடத்தியிருக்கிறது. எனவே அவரிடம் "மேடைக் கலைஞராவேன்" என்று மட்டும் சொல்லாதே. பட்டம் முடிந்ததும் கற்பிக்கும் தகுதியும் வாங்கிக்கொள்கிறேன், பாடகர்களோடும் தந்தி வாத்தியக்காரர்களோடும் வாசிக்கிறேன், அதோடு தனிக்கச்சேரிக்கும் தயார் செய்கிறேன் என்று சொல். அவர் ஓரளவு நிம்மதி அடைவார். நீயும்தான்.

விட்டுவிடலாமா என்று கேட்டாய். இந்த வருடம் அந்த முடிவை எடுக்காதே. கை மரத்துப்போய், தூக்கம் கெட்டு, போட்டித் தோல்வியின் காயம் ஆறாமல் இருக்கும்போது எடுக்கிற முடிவு எந்தப் பக்கமாக இருந்தாலும் நம்பக்கூடியது இல்லை. தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல். மேடை நடுக்கத்துக்கு மாத்திரை என்று நண்பர்கள் யாராவது நீட்டினால் வாங்காதே. இதயத் துடிப்பைக் குறைக்கும் அந்த மாத்திரைகள் பல கலைஞர்கள் பயன்படுத்துவதுதான், ஆனால் ஆஸ்துமா போன்றவை இருப்பவர்களுக்கு ஆபத்து. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும்.

கை தேறி, ஆறு மாதம் ஒழுங்காக வாசித்த பிறகு, யாருக்காகவும் இல்லாமல், தேதியும் இல்லாமல், உனக்குப் பிடித்த ஒரு மெதுவான படைப்பை எடுத்து மூன்று வாரம் அதோடு இரு. அந்த அறைக்குத் திரும்பத் திரும்பப் போகத் தோன்றுகிறதா, இல்லை கதவைத் திறக்கும்போதே கனக்கிறதா? அதை வைத்துத்தான் நானே என் மாணவர்களிடம் பேசுவேன். கனக்கிறது என்றால் நேர்மையாகச் சொல்வேன், வேறு வேலை தேடிக்கொள், பியானோவை வீட்டில் சந்தோஷமாக வாசி என்று. அப்படிப் போன இரண்டு பேர் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

அடுத்த கடிதத்தில் போட்டியைப் பற்றி எழுத வேண்டாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது. ஆசிரியரிடம் கையைப் பற்றிச் சொன்னாயா, அவர் என்ன சொன்னார் என்று எழுது. அப்புறம், அந்த ஃபியூக்கின் ஐந்து குரலில் எதை முதல் பாரிலிருந்து கடைசி வரைக்கும் நிற்காமல் பாட முடிந்தது என்றும் எழுது. நடுக்குரல்களில்தான் திணறுவாய், எல்லோரும் அங்கேதான் திணறுவார்கள். அங்கிருந்தே ஆரம்பி.

அன்புடன்,
அக்கா